தாழ்வு சரி, எவ்வளவு தாழ்வு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாள் முன்பு உங்கள் நாளிதழில் மழைச் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது. காற்றழுத்தம் என்றால் என்ன என்று விளக்கியிருந்தீர்கள். நல்ல காரியம், இதையெல்லாம் யார் மெனக்கெட்டு எழுதுகிறார்கள் என்று ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன், மூன்றாவது வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. ஈரம் ஏற ஏறக் காற்று கனமாகுமாம், கனமான காற்று கீழே அழுத்துமாம், அந்த அழுத்தத்தில் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி மழை கொட்டுமாம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றுமே தப்பு. தப்பு என்றால் கொஞ்சம் முன்னேபின்னே இல்லை, தலைகீழ்.

நான் பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருப்பவன். பாய்லர், கம்ப்ரசர், டயர் என்று எங்கெங்கோ இருந்து கழற்றிக்கொண்டு வரும் கேஜ்களின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. வானிலைப் படிப்பு எதுவும் படித்தவன் இல்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு, சில வகைக் கேஜ்களைச் சோதிக்கும்போது அந்த நேரத்தில் அறைக்குள் காற்றழுத்தம் எவ்வளவு என்று குறித்தே ஆக வேண்டும். அப்படித் தினமும் குறித்துக் குறித்து, ஜன்னலைத் திறக்காமலே வெளியில் வானம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் போடுவது உங்கள் கையில்தானே இருக்கிறது.

முதலில் எடை. காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், மண்டையில் ஏறுவது மட்டும் இல்லை. நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஒரு சாதாரண அறையில் அடைந்திருக்கும் காற்று மட்டும் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். இது அறைக்குள் இருப்பது. அறைக்கு மேலே கூரை, கூரைக்கு மேலே வானம் முடிகிற வரைக்கும் காற்றுதான், அத்தனையின் பாரமும் நம் மேல்தான். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ. உங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தை மேஜையில் விரித்துப் போட்டு அளந்து பார்த்தேன், சுமார் 55-க்கு 35 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அந்த ஒற்றைத் தாளின் மேல் 2 டன் காற்று ஏறி உட்கார்ந்திருக்கிறது! தாள் ஏன் கிழியவில்லை, மேஜை ஏன் நொறுங்கவில்லை என்றால், காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, கீழிருந்தும் பக்கவாட்டிலும் அதே அளவுக்குத் தள்ளுகிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு மரஸ்கேலை மேஜையில் பாதி வெளியே நீட்டினாற்போல வைத்து, உள்ளே இருக்கும் பாதியின் மேல் பேப்பரை விரித்து, காற்று உள்ளே இல்லாதபடி நன்றாக நீவிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சடாரென்று ஓர் அடி கொடுத்துப் பாருங்கள். பேப்பர் பறக்காது, ஸ்கேல்தான் உடையும். பேப்பருக்கு அடியில் காற்று புக நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மெதுவாக அமுக்கினால் பேப்பர் சாதுவாக எழுந்துவிடும்.

இதில் கேஜ் சமாசாரம் ஒன்று. பஞ்சரான டயரில் கேஜை வைத்தால் பூஜ்யம் காட்டும். அதனால் டயருக்குள் அழுத்தமே இல்லை என்று அர்த்தமில்லை, வெளியே இருக்கும் அதே அழுத்தம் உள்ளேயும் இருக்கிறது, கேஜ் வித்தியாசத்தை மட்டும்தான் காட்டுகிறது. நாமும் அந்தக் கேஜ் மாதிரிதான். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ பாரத்தைச் சுமந்துகொண்டே நடக்கிறோம், மலைப்பாதையில் வண்டி வேகமாக ஏறி காது அடைத்துக்கொள்கிறபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிகிறது.

இதை முதலில் அளந்து காட்டியவர் இத்தாலிக்காரர் டோரிசெல்லி, 1640-களில். கிணற்றுப் பம்பு எவ்வளவுதான் நன்றாகச் செய்தாலும் 10 மீட்டர் சொச்சத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சவே மாட்டேன் என்கிறதே, ஏன் என்பதுதான் அன்றைய தலைவலி. பம்பு தண்ணீரை இழுக்கவே இல்லை, வெளியே இருக்கும் காற்றுதான் கிணற்று நீரின் மேல் அழுத்தி அதைக் குழாய்க்குள் ஏற்றுகிறது, காற்றின் பலம் அவ்வளவுதான் என்று அவர் பிடித்துக்கொண்டார். (ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோமே, அதுவும் இதேதான். நாம் வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், ஏற்றி விடுவது வெளிக்காற்று.) தண்ணீருக்குப் பதில் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டதால் 10 மீட்டர் குழாய் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றது. அதுதான் பாரோமீட்டர்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து நடந்தது. பிரான்ஸில் பாஸ்கல் என்பவர், காற்றுக்கு எடை இருப்பது உண்மையானால் மலைமேல் ஏறும்போது மேலே இருக்கும் காற்று குறையும், பாதரசமும் இறங்க வேண்டும் என்று யோசித்தார். அவர் போகவில்லை. அக்காள் கணவர் பெரியே இருந்த ஊருக்குப் பக்கத்தில் தோதான மலை இருந்தது, அவரை ஏறச் சொல்லிக் கடிதம் போட்டார். 1648 செப்டம்பர் 19-ம் தேதி அந்த மனிதர் குழாயும் பாதரசமுமாக பூய் தெ டோம் மலையில் ஏறினார், உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். என்னைப் போன்ற ஆட்களுக்கு அடுத்த விவரம்தான் முக்கியம். மலை அடிவாரத்தில் ஒரு மடத்தில் இதே மாதிரி இன்னொரு குழாயை வைத்து, அங்கே இருந்த ஒரு பாதிரியாரை நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் மேலே போயிருக்கிறார்கள். கீழே இருந்தது அசையவே இல்லை. ஆக, மலைமேல் ஏற்பட்ட இறக்கம் உயரத்தால்தான், நாள் மாறியதால் இல்லை என்று உறுதியாயிற்று. கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முன்பே ரெஃபரன்ஸ் கருவி வைத்து வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள்! எங்களிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

இன்றைக்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. பல செல்போன்களுக்குள்ளேயே அழுத்தமானி இருக்கிறது, அதைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு தரைத் தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு ஏறுங்கள், ரீடிங் 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) சற்று மேல் குறையும். கடல் மட்டத்தை ஒட்டி 8, 9 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கு. சராசரி கடல் மட்ட அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல். மில்லிபார் என்று பழையவர்கள் சொல்வதும் இதே அளவுதான், பெயர்தான் வேறு.

இப்போது உங்கள் முதல் தப்புக்கு வருகிறேன். ஈரக்காற்று கனமானது இல்லை. வறண்ட காற்றைவிட அது லேசு. கேட்டால் யாருமே நம்ப மாட்டார்கள், நானும் நம்பவில்லை. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், அதன் ஒரு மூலக்கூற்றின் எடை 28. அடுத்தது ஆக்ஸிஜன், 32. நீராவி 18-தான். ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் எந்த வாயுவாக இருந்தாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றாகத்தான் இருக்கும். அப்படியென்றால் நீராவி உள்ளே வர வேண்டுமானால் நைட்ரஜனோ ஆக்ஸிஜனோ இடத்தைக் காலி செய்ய வேண்டும், 28 எழுந்து போய் 18 வந்து உட்கார்ந்தால் மொத்த எடை குறையத்தானே செய்யும். 30 டிகிரி வெப்பத்தில் இனி ஈரம் ஏறவே ஏறாது என்கிற அளவுக்கு நனைந்த காற்று, அதே வெப்பத்தில் உள்ள வறண்ட காற்றைவிட ஒன்றரை சதவீதம் லேசாக இருக்கும். ஒன்றரை சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள், அது மேலே எழும்புவதற்கு இந்த வித்தியாசமும் கை கொடுக்கிறது.

பின்னே மழைக்கு முன்னால் காற்று கனத்துப்போன மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறதே? அது புழுக்கம். வியர்வை காய்வதற்குக் காற்றில் இடம் இல்லை, அதனால் உடம்புச் சூடு இறங்கவில்லை. கனப்பது நமக்குத்தான், காற்றுக்கு இல்லை.

அடுத்து, அழுத்தம் கூடினால் மழை என்றது. நீங்களே முதல் பக்கத்தில் 'காற்றழுத்தத் தாழ்வு, மழை வாய்ப்பு' என்று போட்டுவிட்டு, பெட்டிச் செய்தியில் அழுத்தம் கூடினால் மழை என்று எழுதினால் படிக்கிறவன் எதை நம்புவான்? நடப்பது என்னவென்றால், கடலோ நிலமோ சூடாகி, அதன் மேல் நிற்கும் காற்றும் சூடாகி உப்புகிறது. உப்பும்போது அந்தக் காற்றுத்தூணின் உயரம் கூடுகிறது, உச்சியில் இருக்கும் காற்று பக்கத்துக்கு வழிந்து ஓடிவிடுகிறது. தூணில் இருந்த சரக்கு குறைந்ததால் அடியில் பாரம் குறைகிறது. இதுதான் தாழ்வு. அடியில் பாரம் குறைந்த இடத்துக்குச் சுற்றிலும் இருந்து காற்று ஓடி வருகிறது, வந்த காற்று தரைக்குள் போக முடியாது, மேலேதான் போக வேண்டும். உள்ளே வந்து சேருவதைவிட உச்சியில் வெளியேறுவது அதிகமாக இருக்கிற வரைக்கும் தாழ்வு இன்னும் ஆழமாகிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு மாறினால் ஒன்றுமில்லாமல் கலைந்துபோகும். எத்தனையோ தாழ்வுகள் 'உருவாகும்' என்று செய்தி வந்து, அப்புறம் பேச்சு மூச்சு இல்லாமல் போவதற்குக் காரணம் பல நேரம் மேலேதான் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில். கீழே இருந்து பார்க்கிற நாம் வானிலைக்காரர்களைத் திட்டுகிறோம்.

சரி, மேலே போன காற்றில் மழை எப்படி வந்தது? துணியை யாரும் பிழியவில்லை. டயர் வால்வின் பின்னை அமுக்கிக் காற்றை விரலில் பட விட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரிகிறபோது, வெளியே இருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டு விரிய வேண்டியிருக்கிறது, அந்த வேலைக்கான சக்தியைத் தன் சூட்டிலிருந்துதான் எடுக்கும், அதனால் குளிரும். பம்பு அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவது இதற்கு நேர் எதிர். மேலே ஏறும் காற்றுக்கும் இதேதான் நடக்கிறது, ஏற ஏறச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி இனி தாங்காது என்று துளிகளாக மாறத் தொடங்கும். அடிவயிறு தட்டையாக, மேலே பொங்கிப்போன மேகங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டையான கோடுதான் அந்த உயரம்.

அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது, நிஜமாகவே. ஒரு கிலோ நீராவி துளியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் 25 லட்சம் ஜூல் அளவுக்கு இருக்கும், சாதாரணத் தண்ணீர் ஏழெட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு அது. மேகத்துக்குள் இந்தச் சூடு இறங்குவதால் காற்று இன்னும் வேகமாக மேலே போகிறது, அடியில் அழுத்தம் இன்னும் குறைகிறது, கடலிலிருந்து இன்னும் ஈரக்காற்று ஓடி வருகிறது. புயல் தன் தீனியைத் தானே இழுத்துக்கொள்வது இப்படித்தான். தரை ஏறியதும் ஈரம் வருவது நின்று பட்டினியில் தளர்வதும் இதனால்தான்.

உள்ளே ஓடி வரும் காற்று நேராக வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். பூமி சுழல்வதால் அது முடிவதில்லை. வட பாதியில் ஓடும் காற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது, தென் பாதியில் இடப்பக்கம். அதனால் நடுவை நோக்கி வந்த காற்று நடுவைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது, வடக்கே கடிகார முள்ளுக்கு எதிராக, தெற்கே கடிகார முள் போகிற பக்கமாக. இதைக் கணக்காகப் போட்டுக் கொடுத்தவர் கொரியோலிஸ், 1835-ல். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதும் இதனால்தான் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது சும்மா. தொட்டி அளவுக்கெல்லாம் பூமிச் சுழற்சி எட்டிப் பார்ப்பதில்லை, குழாயைத் திறந்த விதமும் தொட்டியின் கோணலும்தான் அங்கே திசையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒன்று நிஜமாகவே உபயோகமானது, 1857-ல் டச்சுக்காரர் பைஸ் பாலட் சொன்னது: வட பாதியில் இருந்தால், காற்று முதுகில் அடிக்கும்படி நில்லுங்கள், தாழ்வு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கட்டடத்துக்கு நடுவில் நின்று செய்யாதீர்கள், வெட்டவெளியில்.

இனி நான் உண்மையில் எழுத வந்தது. நீங்கள் 'தாழ்வு' என்று அச்சிடுகிறீர்கள், எவ்வளவு என்று ஒருநாள்கூடப் போட்டதில்லை. நாலு ஊருக்கு வெப்பநிலை போடுகிறீர்கள், ஈரப்பதம் போடுகிறீர்கள், சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்றுகூடப் போடுகிறீர்கள். அழுத்தம் மட்டும் இல்லை. தலைப்பில் வருகிற சொல்லுக்கே எண் இல்லை!

இதில் மொழிச் சிக்கல் வேறு இருக்கிறது. 'காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்றது' என்று எழுதுகிறீர்கள். எங்களோடு வேலை செய்யும் ஒருவர், நாள் முழுக்க பிரஷரோடு மல்லுக்கட்டுகிற ஆள், அதைப் படித்துவிட்டு அழுத்தம் கூடிவிட்டது போலிருக்கிறதே என்றார். தாழ்வு வலுத்தால் அழுத்தம் இன்னும் இறங்குகிறது, தாழ்வு வலுவிழந்தால் அழுத்தம் ஏறுகிறது. கேட்கும்போது நேரெதிராகத்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்திலேயே '1004-லிருந்து 998-க்கு இறங்கியது' என்று ஒரு வரி இருந்தால் இந்தக் குழப்பமே வராது. அப்புறம், தாழ்வுப் பகுதியும் தாழ்வு மண்டலமும் ஒன்றில்லை. ஒரே நாளில் ஒரே தாழ்வை முதல் பக்கத்தில் பகுதி என்றும் ஐந்தாம் பக்கத்தில் மண்டலம் என்றும் போட்டிருந்தீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால்தான் மண்டலம், 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த மண்டலம், 62 ஆனால் புயல். ஒவ்வொன்றும் ஒரு படி, கடலில் இருக்கிறவனுக்கு அது உயிர்ச் செய்தி.

எண் கேட்கிறேன், ஆனால் ஒற்றை எண் போதாது. அதை எனக்குப் புரியவைத்தது எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். சேர்ந்த இரண்டாவது வாரமே, நம் ரெஃபரன்ஸ் கருவியில் கோளாறு, தினமும் மதியத்துக்கு மேல் ரீடிங் 3 குறைந்துவிடுகிறது, மறுநாள் காலையில் தானாக ஏறிவிடுகிறது, சர்வீஸுக்கு அனுப்பலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டான். குறிப்பேட்டைப் பார்த்தால் அவன் எழுதியது அத்தனையும் சரி. கருவியும் சரி. வளிமண்டலம்தான் அப்படி. வெயில் பட்டு மேல்காற்று விரிவதில் கடலில் ஓதம் வருகிற மாதிரி காற்றிலும் ஒரு ஏற்ற இறக்கம் வருகிறது, ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், விடிகாலை 4, மாலை 4 வாக்கில் அடி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருக்கும் நாடுகளில் இந்த வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் வரை போகும், தள்ளிப் போகப் போகக் குறைந்துவிடும். பையனின் ரீடிங்குகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேர்த்துப் பார்த்தோம், ஒட்டகத்துக்கு இரண்டு திமில் வைத்த மாதிரி நாளுக்கு இரண்டு மேடு. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

ஒட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை 10 மணிக்கு வர வேண்டிய மேடு வரவில்லை. 1007-ல் இருந்தது மதியம் 1004, மாலை 1002. வெளியே சுள்ளென்று வெயில், வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை. இரவு 10 மணிக்கு ஏற வேண்டிய மேடும் ஏறவில்லை, 1001. பையன் மறுபடியும் கருவியைத்தான் சந்தேகப்பட்டான். மறுநாள் மதியம் காற்று திசை மாறியது, சாயங்காலம் பிடித்த மழை விடிய விடிய விடவில்லை. வானம் சொல்லுவதற்கு ஒரு முழுநாள் முன்பே கருவி சொல்லிவிட்டது. இதில் 1001 என்பது பெரிய எண்ணே இல்லை, கோடைக்காலத்தில் சும்மாவே அப்படி இருக்கும் ஊர்கள் உண்டு. ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனதே, அதுதான் செய்தி.

பழைய முள் பாரோமீட்டர்களின் முகத்தில் மழை, மாறும், தெளிவு என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் முக்கியம். அனுபவஸ்தர்கள் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுவார்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் முள் விடுபட்டு இப்படியோ அப்படியோ ஒரு முடி நகரும், அந்த நகர்வைத்தான் பார்ப்பார்கள். மூன்று மணி நேரத்தில் எவ்வளவு மாறியது என்பதை வானிலை நிலையங்கள் தனியாகவே குறிக்கின்றன. 1660-லேயே ஜெர்மனிக்காரர் கெரிக்கே, வீட்டில் வைத்திருந்த நீண்ட தண்ணீர்க் குழாயில் மட்டம் திடீரென்று விழுந்ததைப் பார்த்துப் புயல் வரப்போகிறது என்று சொன்னார், வந்தது.

நாளிதழ்க்காரர்களான உங்களுக்கு நெருக்கமான ஆள் ஒருவர் இருக்கிறார், பிட்ஸ்ராய். இங்கிலாந்துக் கடற்படைக்காரர், டார்வின் போன பீகிள் கப்பலின் தலைவர். 1854-ல் அவரிடம் வானிலைத் துறையை ஒப்படைத்தார்கள். 1859-ல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி நூற்றுக்கணக்கானோர் இறந்ததும், கரையோர நிலையங்களிலிருந்து தந்தி வழியாக அழுத்தக் கணக்குகளை வரவழைத்து எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார், மீன்பிடித் துறைகளில் பாரோமீட்டர்களையும் வைத்தார். 1861 ஆகஸ்ட் 1-ம் தேதி, மறுநாள் வானிலை எப்படி இருக்கும் என்ற அவருடைய முன்னறிவிப்பு லண்டன் டைம்ஸில் அச்சானது. தப்பாகப் போன நாட்களில் அவரைக் கிழிகிழியென்று கிழித்ததும் பத்திரிகைகள்தான், அதை விடுங்கள்.

எண் போடும்போது ஒரு ஜாக்கிரதை. மலை ஊரில் அளந்ததை அப்படியே போட்டால் 900 என்று வரும், படிக்கிறவர் உலகமே அழியப்போகிறது என்று பயந்துவிடுவார். எல்லா ஊர் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். செல்போனில் பார்த்துவிட்டு உங்களோடு சண்டைக்கு வருகிறவர்களுக்கும் இதுதான் பதில், போன் காட்டுவது அவர் நிற்கும் மாடியின் அழுத்தம்.

தாழ்வு என்றால் மழை, உயர்வு என்றால் தெளிவு என்று ஒரேயடியாக எழுதிவிடவும் கூடாது. கொளுத்தும் பாலைவனத்தின் மேல் கோடையில் தாழ்வு வந்து உட்கார்ந்திருக்கும், ஒரு சொட்டு மழை இருக்காது, ஏறுகிற காற்றில் ஈரம் இல்லையே. உயர்வில் காற்று மேலிருந்து கீழே இறங்கி, இறங்க இறங்க நெருக்கப்பட்டுச் சூடாகி, மேகத்தைக் கரைத்துவிடும், அது சரி. ஆனால் அதே உயர்வு காற்றை அசையவிடாமல் மூடி போட்டுவிட்டால் பனிமூட்டமும் புகையும் நாட்கணக்கில் தலைக்கு மேலேயே நிற்கும். 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகதா என்ற இடத்தில் 1083.8 பதிவானது, உறைகுளிரில் இறுகிய காற்றின் கனம் அது. மறுகோடியில், 1979 அக்டோபர் 12 அன்று பசிபிக் கடலில் டிப் என்ற புயலின் நடுவில் 870. கடல் மட்டத்தில் நின்றுகொண்டே ஆயிரத்து இருநூறு மீட்டர் மலைக்கு மேல் ஏறிவிட்ட மாதிரி. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அந்த இடத்தில் கடல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் எழும்பும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், டிப்பின் நடுவில் அது ஒன்றேகால் மீட்டருக்கு மேல். காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர் தனி.

எல்லா அசைவும் வானிலை இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளுக்குப் பக்கத்தில் கடலடி எரிமலை வெடித்தபோது கிளம்பிய அழுத்த அலை பூமியையே சுற்றி வந்தது, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீடுகளில் மாட்டியிருந்த பாரோமீட்டர்களும் ஒரு குதி குதித்து அடங்கின.

ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிய இடமில்லை. வெப்பநிலைக் கட்டத்தில் இன்னும் இரண்டு எண்கள். காலை 8.30 மணிக்குக் கடல் மட்ட அழுத்தம் எவ்வளவு, முந்தைய நாள் இதே நேரத்தைவிட ஏற்றமா இறக்கமா, எவ்வளவு. ஒரே நேரத்தை ஒப்பிடச் சொல்வது அந்த ஒட்டகத் திமில் குறுக்கே வராமல் இருக்கத்தான். பெட்டிச் செய்தியை எழுதியவரை ஒன்றும் சொல்லாதீர்கள், ஆர்வத்தில் எழுதியிருக்கிறார், திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது மாலை மணி 4.10. கருவியில் 1006.3, காலையில் 1009.2 இருந்தது. பையனிடம் கேட்டேன், வழக்கமான இறக்கம்தான் சார் என்று தலையைத் தூக்காமலே சொன்னான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்